மங்கலாகத் தெரிந்த 114 மி.மீ. தொலைநோக்கியைச் சரிசெய்தது: கழுவல், கொலிமேஷன், மரத்தாங்கி

வானம் பார்க்கத் தொடங்குபவர்கள் கையில் அதிகம் கிடைக்கும் தொலைநோக்கிகளில் ஒன்று, 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூட்டன் வகை: குழலின் அடியில் உள்ள குழிந்த முதன்மைக் கண்ணாடி ஒளியைக் குவிக்க, மேல்முனையில் சாய்ந்து நிற்கும் சிறிய இரண்டாம் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் உள்ள ஐபீஸுக்கு (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைக்கு) திருப்பும். நிலாவைச் சில நாள் பார்த்துவிட்டு, 'இதில் வேறொன்றும் தெரியாது' என்று மூலையில் சாத்தப்படுவதும் பெரும்பாலும் இதுவே. இங்கே சரிசெய்ததும் அப்படி வருடக்கணக்கில் கிடந்த ஒன்று. 25 மி.மீ. ஐபீஸில் நிலா சுமாராகத் தெரிந்தது. 10 மி.மீ. ஐபீஸைப் போட்டால் வியாழன் பட்டைகளே இல்லாத வெள்ளை உருண்டை. நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கமாக வால். ஃபோக்கஸ் குமிழைத் தொட்டால் படம் அடங்க ஐந்தாறு விநாடி ஆனது.

இப்போது அதே கண்ணாடிகள், அதே ஐபீஸ்கள். வியாழனின் நடுப்பட்டைகள் இரண்டும் தெரிகின்றன. நட்சத்திரம் புள்ளியாக நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒளியியல் பாகம் ஒன்றுகூட இல்லை. செலவில் பெரும்பகுதி பிளைவுட்டுக்குப் போனது. மீதி டெஃப்லான், மைக்கா (மேசைப் பலகைகளில் ஒட்டும் தகடு), போல்ட்டுகள், ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர்.

கழற்றும் முன் ஒரு சோதனை

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் நட்சத்திரத்தைப் பார்த்துவிட வேண்டும். எந்தப் பாகத்தில் கோளாறு என்பதை அதுவே சொல்லிவிடும். ஓரளவு பிரகாசமான நட்சத்திரத்தைக் காட்சிப் புலத்தின் நடுவில் நிறுத்தி, 10 மி.மீ. ஐபீஸில் ஃபோக்கஸைக் கொஞ்சம் உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் நகர்த்திப் பார்த்தால் போதும். ஒரே பக்கம் வால்போல விரிந்தால் கண்ணாடிகள் நேராக இல்லை. முக்கோணமாகத் தெரிந்தால் முதன்மைக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் இறுக்கமாக இருக்கின்றன. உள்ளே நகர்த்தும்போது ஒரு திசையில் நீண்டு, வெளியே நகர்த்தும்போது அதற்குக் குறுக்காக நீண்டால் அஸ்டிக்மாட்டிசம், அதாவது இரு திசைகளில் குவியம் வேறுபடும் குறை. அது பார்ப்பவரின் கண்ணிலேயே இருக்கலாம். தலையைச் சாய்த்துப் பாருங்கள். நீட்சியும் கூடவே சாய்ந்தால் கண்ணில்தான், தொலைநோக்கியில் இல்லை. வடிவம் கொதிப்பதுபோல அலைந்துகொண்டே இருந்தால் குழல் இன்னும் குளிரவில்லை, அல்லது வளிமண்டலம் கலங்கியிருக்கிறது.

இந்தத் தொலைநோக்கியில் வாலும் முக்கோணமும் சேர்ந்தே தெரிந்தன. ஆகவே வேலையின் வரிசை முடிவாகிவிட்டது: முதலில் கிளிப், அடுத்து கொலிமேஷன் (கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக்குவது), கடைசியாகத் தாங்கி.

இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்தும் குழல் அரை மீட்டர்தான் இருக்கிறதென்றால், ஃபோக்கஸருக்குள் (ஐபீஸைத் தாங்கி முன்பின் நகரும் குழாய்க்குள்) ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அந்த வகையில் வில்லையைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணாடிகளை நேராக்க முடியும். வைத்துக்கொண்டே முயன்றால் எதுவும் சரியாகப் பொருந்தாது. இங்கே உள்ளது குழலும் ஏறக்குறைய குவியத் தூர நீளமே உள்ள நேரான வகை. 900-ஐ 114-ஆல் வகுத்தால் குவிய விகிதம் 7.9. இந்த அளவில் கண்ணாடி பரவளையமாக இல்லாமல் வெறும் கோளமாக இருந்தாலும் படம் கெடுவதில்லை. பழைய 114/900 நம்பி உழைக்கத் தகுந்தது என்பதற்கு இதுவே காரணம்.

முதன்மைக் கண்ணாடி

குழலின் அடிப்பக்கத்து விளிம்பில் மூன்று ஸ்க்ரூக்கள். அவற்றைக் கழற்றினால் கண்ணாடி தன் தட்டோடு வெளியே வரும். கழற்றும் முன் குழலிலும் தட்டிலும் பென்சிலால் ஒரே நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டால், திரும்பப் பொருத்தும்போது ஸ்க்ரூத் துளைகளைத் தேட வேண்டியிருக்காது.

டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் பயங்கரமாகத்தான் தெரியும். அதை வைத்துக் கழுவ முடிவு செய்யக் கூடாது. மெல்லிய தூசு படத்தின் பளிச்சைச் சற்றுக் குறைக்குமே தவிர நுணுக்கத்தைக் கெடுக்காது. ரப்பர் பல்பால் ஊதித் தட்டினாலே பெரும்பாலும் போதும். வாயால் ஊதினால் எச்சில் துளி தெறித்துக் கறையாகும். இந்தக் கண்ணாடியில் தூசுக்கு மேல் ஈரம் பட்டுக் காய்ந்த வட்டங்களும், ஓரத்தில் விரல் ரேகையும் இருந்தன. அதனால்தான் கழுவ வேண்டி வந்தது.

வெளிச்சத்தைப் பிரதிபலிப்பது கண்ணாடியின் மேல்முகத்தில் படிந்த அலுமினியப் பூச்சு. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு போன்ற தடிமன்தான் அதற்கு. வீட்டு முகக்கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் பத்திரமாக இருக்கும். இதில் காற்றுக்கும் விரலுக்கும் நேராகத் திறந்து கிடக்கிறது. துடைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவமும் கூடாது.

கிளிப்புகள் மூன்றையும் கழற்றி, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, அதன் மேல் கண்ணாடியைப் பூச்சுப் பக்கம் மேலே பார்க்க வைப்பது. முதலில் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு மணல் போன்ற துகள்களைப் போக்கியாக வேண்டும். கீறல் விழுவது இந்தத் துகள்களால்தான். இதை அவசரப்படுத்தவே கூடாது. தண்ணீர் சூடாகவோ சில்லென்றோ இல்லாமல் அறையின் வெப்பத்திலேயே இருக்கட்டும். பிறகு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைப்பது.

ஊறியபின், தண்ணீருக்குள் இருக்கும்போதே, சுத்தமான பஞ்சு உருண்டையை நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே இழுப்பாக இழுப்பது. விரல் அழுத்தம் கூடாது. ஈரப் பஞ்சின் எடை மட்டுமே போதும். ஒரு இழுப்போடு அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு பை பஞ்சு தீர்ந்தாலும் தீரட்டும். திரும்பக் குழாய்த் தண்ணீரில் அலசி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டரைத் தாராளமாக ஊற்றி, விளிம்பில் நிற்கும்படி சாய்த்து வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். தங்கி நிற்கும் ஓரிரு துளிகளை டிஷ்யூ காகிதத்தின் முனையால் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரோடு நிறுத்தினால் காயும்போது உப்புப் புள்ளிகள் படியும். அதைப் போக்க முழுக் கழுவலையும் மறுபடி செய்ய வேண்டும்.

காய்ந்த கண்ணாடியைப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்படி பிடித்தால் ஊசித்துளைகள் மினுக்கும். பூச்சு சில இடங்களில் போயிருக்கிறது என்று அர்த்தம். நூறு துளைகள் இருந்தாலும் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. பெரிய திட்டுகளாக உரிந்திருந்தாலோ, முழுக்கப் பால் போல மங்கியிருந்தாலோ மட்டும் புதுப் பூச்சு தேவை.

மையப் புள்ளி

கொலிமேஷனுக்குக் கண்ணாடியின் சரியான மையத்தில் ஓர் அடையாளம் வேண்டும். கண்ணாடியின் விட்டத்துக்கே ஒரு காகித வட்டம் வெட்டி, இரண்டு முறை மடித்தால் மடிப்பு முனை மையம். அந்த முனையைத் துளியூண்டு கத்தரித்து, காகிதத்தைக் கண்ணாடி மேல் பொருத்தி, துளை வழியே மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, ஃபைல் காகிதத் துளைக்கு ஒட்டும் வளைய ஸ்டிக்கர் ஒன்று. கண்ணாடியின் நடுப்பகுதி எப்போதும் இரண்டாம் கண்ணாடியின் நிழலுக்குள் இருப்பதால் இந்த ஸ்டிக்கரால் வெளிச்சம் ஒன்றும் குறையாது. ஒரு மி.மீ.க்குள் சரியாக இருக்கிறதா என்று நான்கு பக்கமும் ஸ்கேலால் அளந்து பார்த்துவிட வேண்டும். இதற்குமேல் வரும் துல்லியம் முழுக்க இந்த வளையத்தை நம்பித்தான்.

கிளிப்புகளைத் திரும்பப் போடும்போது கண்ணாடிக்கும் கிளிப்பின் ரப்பருக்கும் நடுவே சாதாரணக் காகிதம் ஒன்று தடையில்லாமல் நுழைந்து வர வேண்டும். கண்ணாடி விழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கிளிப்பின் வேலை. இறுக்கிப் பிடித்தால் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். மூன்று இடத்தில் வளைந்தால் நட்சத்திரம் முக்கோணமாகிவிடும். இந்தத் தொலைநோக்கியில் மூன்று கிளிப்பும் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கப்பட்டிருந்தன. தளர்த்தியதும் முக்கோணம் போய்விட்டது. மொத்த வேலையிலும் மிகக் குறைந்த நேரம் எடுத்து மிக அதிகம் பலன் தந்தது இது.

இரண்டாம் கண்ணாடியை நேராக்குதல்

கருவி ஒன்றும் வாங்கத் தேவையில்லை. ஃபோக்கஸரை மூட வரும் பிளாஸ்டிக் தூசு மூடியின் நடுவில் 2 மி.மீ. துளை போட்டால் அதுவே பார்வைத் துளை. கொலிமேஷனுக்கென்றே உள்ள விலை குறைந்த லேசர் கருவியோடு முயன்றதில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு முடிவு வந்தது. காரணம் லேசரே தன் உறைக்குள் கோணலாக இருந்ததுதான். இதைச் சோதிக்க, இரண்டு ஜோடி ஆணிகளின் மேல் லேசரைப் படுக்க வைத்து, ஐந்தாறு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி விழும்படி செய்து, இருந்த இடத்திலேயே உருட்ட வேண்டும். புள்ளி அசையாமல் நின்றால் நல்லது. வட்டம் போட்டால் அந்த லேசரை நம்ப முடியாது. இந்த லேசர் பெரிய வட்டமே போட்டது. மூடித் துளைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

குழலைப் படுக்கையாக வைத்தே இந்த வேலையைச் செய்ய வேண்டும். நிமிர்த்தி வைத்திருக்கும்போது கையிலிருந்து ஆலன் கீ நழுவினால் நேராக முதன்மைக் கண்ணாடியில் போய் விழும்.

முதல் படி, இரண்டாம் கண்ணாடி ஃபோக்கஸருக்கு நேர் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபோக்கஸருக்கு எதிர்ச்சுவரில் ஒரு வண்ணக் காகிதமும், இரண்டாம் கண்ணாடிக்கும் முதன்மைக்கும் நடுவில் வேறு வண்ணக் காகிதம் ஒன்றும் வைத்தால், இரண்டாம் கண்ணாடியின் விளிம்பு தனியாகத் துலங்கும். மூடித் துளை வழியாகப் பார்க்கையில் அது வட்டமாகவும் ஃபோக்கஸர் குழாயின் நடுவிலும் தெரிய வேண்டும். முட்டை வடிவமாகத் தெரிந்தால் கண்ணாடி தன் அச்சில் திரும்பியிருக்கிறது. நடுவில் உள்ள பெரிய ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடியின் பிடியைத் திருப்பியும் முன்பின் நகர்த்தியும் சரிசெய்யலாம்.

அடுத்து நடுக் காகிதத்தை எடுத்துவிட்டு, சுற்றியுள்ள மூன்று சிறு ஸ்க்ரூக்களால் சாய்வைத் திருத்துவது. முதன்மைக் கண்ணாடியின் மூன்று கிளிப்புகளும் ஒரே அளவு தெரியும்போது சாய்வு சரி. இங்கே ஒரு சிக்கல் வந்தது: எவ்வளவு பார்த்துத் திருப்பினாலும் இறுக்கும்போது கண்ணாடி பழைய இடத்துக்கே வழுக்கிப் போனது. கழற்றிப் பார்த்ததில் ஸ்க்ரூ முனைகள் பிளாஸ்டிக் பிடியில் குழி பறித்திருந்தன. முனை எப்போதும் அந்தப் பழைய குழியில்தான் போய் உட்காரும். ஸ்க்ரூ முனைகளுக்கும் பிளாஸ்டிக் பிடிக்கும் நடுவே, டப்பா மூடியில் வட்டமாக வெட்டிய மெல்லிய வாஷரைச் செருகியதும் அது தீர்ந்தது. ஒரு ஸ்க்ரூவை இறுக்கும் அளவுக்கு மற்ற இரண்டையும் தளர்த்துவது முக்கியம். மூன்றையும் இறுக்கிக்கொண்டே போனால் பிடி விரிசல் விடும்.

முதன்மையை நேராக்குதல்

குழலின் அடியில் மூன்று ஜோடி ஸ்க்ரூக்கள்: ஒன்று சாய்வுக்கு, ஒன்று பூட்டுவதற்கு. பூட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டு, மூடித் துளை வழியே பார்த்தால் கண்ணாடியின் நடுவில் ஒட்டிய வளையமும், பார்வைத் துளையின் பிரதிபலிப்பான சிறு புள்ளியும் தெரியும். புள்ளி வளையத்துக்குள் நடுவில் வரும்வரை சாய்வு ஸ்க்ரூக்களைத் திருப்ப வேண்டும். ஒருவர் பார்க்க, இன்னொருவர் திருப்பினால் வேகமாக முடியும். எந்த ஸ்க்ரூ எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்பதை அவற்றின் பக்கத்திலேயே 1, 2, 3 என்று எழுதி வைத்துக்கொண்டால் இருட்டில் உதவும். பூட்டும்போது புள்ளி கொஞ்சம் விலகும். அதனால் பூட்டை மெதுவாக, மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். முரட்டுத்தனமாக இறுக்கினால் கண்ணாடித் தட்டே வளையும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? நியூட்டன் வகையில் காட்சிப் புலத்தின் நடுவில் ஒரு சிறு வட்டத்துக்குள் மட்டுமே படம் முழுக் கூர்மை. அந்த வட்டம் குவிய விகிதத்தின் மும்மடிக்கு (அதே எண்ணை மூன்று முறை பெருக்கியதற்கு) ஏற்ப வளர்கிறது. விகிதம் 8 என்றால் குறுக்களவு ஏறக்குறைய 11 மி.மீ.; 5 என்றால் 3 மி.மீ.க்கும் குறைவு. ஆகவே 114/900 மிகவும் பொறுத்துப்போகும். முதல்முறை கொலிமேஷன் பழகுபவருக்கு விகிதம் 5 உள்ள குட்டைக் குழலைவிட இதுவே நல்லது.

இறுதிச் சோதனை இரவில். குழலை வெளியில் வைத்து முக்கால் மணி நேரம் குளிரவிட வேண்டும். 10 மி.மீ. ஐபீஸோடு, உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ வில்லை சேர்த்தால் 180 மடங்கு. நட்சத்திரத்தை நடுவில் நிறுத்தி லேசாக ஃபோக்கஸ் விலக்கினால், வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒரே மையத்தில் அமைய வேண்டும். ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால் முதன்மையின் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பார்ப்பது. நடுவில் நிறுத்தாமல் பார்த்த முடிவு செல்லாது. துருவ நட்சத்திரம் நகராது என்பதால் பலரும் அதைச் சொல்வார்கள். ஆனால் அதன் உயரம் பார்ப்பவர் இருக்கும் அட்சரேகைக்குச் சமம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டிய கலங்கிய காற்றுக்குள் இருக்கும். அவர்களுக்கு, நகர்ந்தாலும் பரவாயில்லை என்று உச்சிக்கு அருகில் உள்ள நட்சத்திரமே மேல்.

ஃபோக்கஸர், ஃபைண்டர்

ஃபோக்கஸரின் பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் பிசினாகியிருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, சிலிகான் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. குழாய் ஆடியதற்கு, உட்புறச் சுவரில் மெல்லிய டெஃப்லான் பட்டை இரண்டு ஒட்டியதும் ஆட்டம் நின்றது. இந்த ஆட்டம் இருக்கும்வரை கொலிமேஷன் பார்ப்பது வீண். குமிழைத் திருப்பும்போதெல்லாம் மையம் மாறும். உண்மையில் இதைத்தான் கண்ணாடிகளுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கடைசியில் செய்ததால் நேராக்கும் வேலை இரண்டாம் தடவையும் தேவைப்பட்டது.

கூட வந்த 5 மடங்கு, 24 மி.மீ. ஃபைண்டருக்குள் (குறிபார்க்கக் குழல் மேல் மாட்டும் சிறு தொலைநோக்கிக்குள்) ஒரு பிளாஸ்டிக் வளையம் திறப்பைச் சுருக்கி வைத்திருந்தது. மங்கலான படம். அதைக் கழற்றிவிட்டு சிவப்புப் புள்ளி ஃபைண்டர் பொருத்தியாயிற்று. நேர் செய்வது பகலில்: அரை கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோபுர முனையையோ கம்பத்தையோ 25 மி.மீ. ஐபீஸில் நடுவில் நிறுத்தி, சிவப்புப் புள்ளியை அதே முனைக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் உள்ள பொருளை வைத்துச் செய்தால் ஃபைண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியே கோணலாகிவிடும். சூரியன் இருக்கும் பக்கம் குழலைத் திருப்பவே கூடாது. ஐபீஸில் ஒரு கணம் பட்டாலும் கண் போய்விடும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பகல் வேலை முடிந்த உடனே மூடியைப் போட்டுவிட வேண்டும்.

தாங்கி

கூட வந்த ஈக்குவடோரியல் (பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும்) தாங்கியின் மெல்லிய அலுமினியக் கால்கள்தான் ஐந்தாறு விநாடி ஆட்டத்துக்குக் காரணம். கால்களுக்குள் மணல் நிரப்பியதில் ஆட்டம் கொஞ்சம் குறைந்ததே தவிர, குழலைச் சேர்க்கும் மூட்டில் இருந்த நெகிழ்வு அப்படியே இருந்தது. ஆகவே டாப்சோனியன் பெட்டி. 1960-களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் பொதுமக்களுக்கு வானம் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய வடிவம் இது: பலகையும் உராய்வும் மட்டுமே, பல்சக்கரம் கிடையாது.

குழலின் வெளிவிட்டம் 140 மி.மீ. 12 மி.மீ. பிளைவுட்டில் நான்கு பலகைகளைச் சேர்த்து 180 மி.மீ. நீளத்துக்குக் குழலை இறுக்கிப் பிடிக்கும் ஒரு சட்டம். உள்ளே 2 மி.மீ. ஃபெல்ட் துணி. வெளி அகலம் 168 மி.மீ. ஐபீஸும் ஃபைண்டரும் மாட்டிய நிலையில் குழலைப் படுக்க வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்தால், அது அடிமுனையிலிருந்து 400 மி.மீ. தூரத்தில் வந்தது. சட்டத்தின் இரு பக்கமும் 110 மி.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய் மூடிகள், மையங்கள் நேருக்கு நேர். குழல் மேலும் கீழும் சுழலும் அச்சு இவைதான்.

பெட்டியின் பக்கப் பலகைகள் 18 மி.மீ. பிளைவுட். இரண்டுக்கும் நடுவே 176 மி.மீ. இடைவெளி. அச்சு மையம் பெட்டித் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதில்தான் முதல் பெட்டி தவறியது. அச்சிலிருந்து குழலின் அடிமுனை வரை 400 மி.மீ. வால்பகுதி இருக்கிறது என்று 403 வைத்ததில், நேர் மேலே பார்க்கும்போது இடித்ததில்லை. கொஞ்சம் சாய்த்ததும் குழலின் அடி விளிம்பு தரையில் முட்டியது. சுழலும்போது எட்டும் தூரம் வால்பகுதியின் நீளம் அல்ல, மூலைவிட்டம்: 400-இன் வர்க்கமும் ஆரம் 70-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 406. இரண்டாவது பெட்டியில் 420 வைத்தோம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொலிமேஷன் ஸ்க்ரூக்களுக்கும் இடம் கிடைத்தது. முன்பலகை 300 மி.மீ. உயரத்தோடு நிற்கிறது, அதிகம் உயர்ந்தால் குழலைப் படுக்கைவாட்டில் கொண்டுவர முடியாது.

மூடிகள் உட்காரும் வளைவில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டெஃப்லான் துண்டுகள், 12 மி.மீ. சதுரம், செங்குத்துக்கோட்டின் இருபுறமும் 35 பாகையில். பெட்டிக்கு அடியில் 440 மி.மீ. வட்டப் பலகை, அதன் அடிமுகத்தில் மைக்கா. அதற்குக் கீழே முக்கோணத் தரைப்பலகை. மையத்திலிருந்து 200 மி.மீ. தூரத்தில் மூன்று டெஃப்லான் துண்டுகள், 20 மி.மீ. சதுரம், 3 மி.மீ. தடிமன். ஒவ்வொரு துண்டுக்கும் நேர் கீழே ஒரு ரப்பர் கால். காலைத் தள்ளி வைத்தால் எடையில் பலகை வளைந்து, தொட்டவுடன் ஊசலாடும். ஸ்க்ரூவின் தலை டெஃப்லானுக்குள் நன்றாகப் புதைந்திருக்க வேண்டும். கொஞ்சம் தூக்கி நின்றாலும் மைக்காவில் வட்டமாகக் கோடு இழுத்துவிடும்.

மைக்காவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. வழவழப்பான பளபள மைக்காதான் நன்றாக வழுக்கும் என்று தோன்றும், நேர்மாறு. அதில் டெஃப்லான் ஒட்டிக்கொண்டு நின்று, தள்ளினால் சடக்கென்று தாவும். மணல் தூவினாற்போல் சொரசொரப்புள்ள மைக்காவில் நகரத் தொடங்கத் தேவைப்படும் விசையும், நகர்ந்துகொண்டிருக்கும்போது தேவைப்படும் விசையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. 90 மடங்கில் ஒரு விரலால் கிரகத்தைத் தொடர்வது இதனால்தான் முடிகிறது. டெஃப்லான் துண்டைப் பெரிதாக்கினால் இலகுவாகும் என்பதும் சரியல்ல. துண்டு பெரிதானால் அதன் மேல் அழுத்தம் குறைந்து உராய்வு கூடும். முதலில் வைத்த 40 மி.மீ. துண்டுகளைப் பாதியாக வெட்டிய பிறகே இலகுவானது.

நடுவில் 10 மி.மீ. போல்ட், நைலான் பூட்டு நட்டு. துளை போல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் திசை மாற்றும்போதெல்லாம் ஓர் அசட்டு நகர்வு. நட்டை இறுக்கி உராய்வைக் கூட்ட முயலக் கூடாது. எடை மூன்று துண்டுகளிலிருந்து நடுப் போல்ட்டுக்குப் போய்விடும்.

இப்போது குழலைத் தட்டினால் ஆட்டம் ஒரு விநாடிக்குள் அடங்குகிறது. ஐபீஸ்களை மாற்றும்போது தலை கனத்தால், குழல் இரும்பு என்பதால் அடிப்பக்கம் ஒரு காந்தத்தை ஒட்டினால் போதும்.

என்ன தெரிகிறது

25 மி.மீ. ஐபீஸில் 36 மடங்கு, 10 மி.மீ.இல் 90 மடங்கு. எதைத் தேடினாலும் முதலில் 25-ஐப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டு மாற்றுவதே வழி. ஐபீஸின் உண்மையான காட்சிப் புலத்தை அளக்க, ஓரியன் (வேட்டைக்காரன்) மண்டலத்தின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்களில் மேற்கோரம் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அது வான நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. ஒரு விளிம்பில் நுழைந்து, நடுவழியாக மறு விளிம்பில் மறையும் நேரத்தை அளந்தால், 4 நிமிடத்துக்கு 1 பாகை. 25 மி.மீ.இல் ஐந்தரை நிமிடம் வந்தது, அதாவது 1.4 பாகைக்குச் சற்றுக் குறைவு. முழு நிலா இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தாலும் இடம் மிஞ்சும். 90 மடங்கில் இரண்டேகால் நிமிடத்துக்கும் குறைவு. அதனால் கிரகத்தைக் கிழக்கு விளிம்புக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், அது புலம் முழுக்கக் கடந்துபோகும்வரை ஆட்டமில்லாமல் பார்க்கலாம்.

கொலிமேஷன் நன்றாக வந்ததா என்று பார்க்கச் சப்தரிஷி மண்டலத்து வசிஷ்டர் நல்ல அளவுகோல். அருந்ததி வெறும் கண்ணுக்கே தனியாகத் தெரிவது; 36 மடங்கில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிய வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி 14 விகலை. ஒரு பாகையின் 3600 பங்கில் ஒன்று ஒரு விகலை. அடுத்த படி புனர்பூசத்தின் இரண்டு நட்சத்திரங்களில் மங்கலானது. அதுவும் இரட்டைதான்: இடைவெளி 5-6 விகலை. பழைய நிலையில் 90 மடங்கில் அது ஒரு நீண்ட திட்டு. இப்போது நடுவில் கறுப்பு இடைவெளியோடு இரண்டு புள்ளிகள். ஓரியன் நெபுலாவின் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நாற்கரமாகத் தனித்தனியே நிற்கின்றன.

அடுத்த பெட்டியில் மாற்றப்போவது இரண்டு. ஐபீஸ் படுக்கைவாட்டில் அரை மீட்டருக்கும் கீழே வருகிறது. பெட்டியின் பக்கங்களை உயர்த்துவதைவிட, முக்கோணக் கால்களுக்கடியில் 30 செ.மீ. உயரமுள்ள கனமான ஸ்டூல் ஒன்றைத் தனியாகச் செய்வது நல்லது. உட்கார்ந்து பார்க்கும்போது கண் அசையாது. நுணுக்கம் கூடுதலாகவே தெரியும். இன்னொன்று, ஃபோக்கஸருக்கு எதிர்ச்சுவரில் கறுப்பு வெல்வெட் காகிதம் ஒட்டுவது. தெருவிளக்கு வெளிச்சம் அங்கே பட்டுத்தான் பின்னணி வெளுக்கிறது. கண்ணாடியைக் கழற்றியிருந்தபோதே ஒட்டியிருக்கலாம். பொருத்திய பிறகு ஒட்டினால் வெட்டும் காகிதத் தூசு அத்தனையும் கழுவிய கண்ணாடி மேல் விழும்.